அவளும் அவளும் சிரிக்கட்டுமே!

பள்ளிக்கூடக் காதலைப் பாட்டுப் போட்டுக் கொண்டாடிய நம் திரை, இரண்டு மாணவிகளுக்கு இடையே அரும்பும் காதலுக்கு மட்டும் கண்ணீரையே ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைத் திருத்த வேண்டிய நேரம் இது.

ஹைதராபாத்தின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கும் காஞ்சன்பாக், ஏவுகணைகளின் ஊர். டி.ஆர்.டி.எல்., டி.எம்.ஆர்.எல். ஆய்வகங்கள், பாரத் டைனமிக்ஸ், மிதானி என்று உயரமான மதில்களுக்குப் பின்னால் அது ஒரு தனி உலகம். 1982ல் அப்துல் கலாம் டி.ஆர்.டி.எல். இயக்குநராக வந்து பொறுப்பேற்றது இங்கேதான். அடுத்த ஆண்டு ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் தொடங்கியபோது அதன் தலைமையகமாக இருந்ததும் இந்த இடம்தான். நாட்டின் பல மூலைகளிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸில் வாழும் ஊர் இது. அப்பாவோ அம்மாவோ ஆபீசில் என்ன செய்கிறார் என்பது வீட்டுக்குள்ளேயே பேசக் கூடாத ரகசியம். அவர்கள் வீட்டுப் பிள்ளை யாரோடு டியூஷனுக்குப் போகிறது என்பதோ காலனி முழுக்கத் தெரிந்த சேதி. ரொமான்டிக் காமெடி எழுத உட்காருகிறவருக்கு இதைவிடத் தோதான களம் அமையாது. அந்தக் களத்தில், பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு அதே வகுப்பு மாணவி ஒருத்தியைப் பிடித்துப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த காட்சி என்ன? நம்மில் பெரும்பாலோருக்கு உடனே தோன்றுவது அடி, அழுகை, அவசரக் கல்யாணம், அதற்கும் மேலே போனால் தற்கொலை. ஒரு குழப்பமோ கலாட்டாவோ யாருக்கும் தோன்றுவதில்லை. அது நம் கற்பனையின் குறை என்று சொல்லிவிட முடியாது; திரை நமக்கு அப்படித்தான் பழக்கியிருக்கிறது. துயரக் கதைகள் இந்தப் பெண்களுக்கு இரக்கத்தைச் சம்பாதித்துக் கொடுத்தன. ஆனால் இரக்கப்படுகிறவர் எப்போதும் ஒரு படி மேலே நின்றுகொண்டுதான் இரக்கப்படுகிறார். அவர்களை நம்மில் ஒருவராக, நம்மைப் போலவே அசடு வழியும் மனிதர்களாகப் பார்க்க வைக்கும் வேலையைச் சிரிப்பால்தான் செய்ய முடியும்.

ஓடிப்போனவர்களில் யார் திரும்பினார்கள்?

இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் விஷயம் சட்டென விளங்கும். 2002ல் வந்த ‘துள்ளுவதோ இளமை’யில் பள்ளி மாணவ மாணவிகள் ஆறு பேர் வீட்டை விட்டு ஓடுகிறார்கள். ஊர் சுற்றுகிறார்கள், தப்புச் செய்கிறார்கள், அடிபடுகிறார்கள், கடைசியில் வீடு திரும்புகிறார்கள். அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பு, 1986ல், பத்மராஜன் மலையாளத்தில் எடுத்த ‘தேசாடனக்கிளி கரயாறில்லா’விலும் ஓட்டம்தான் கதை. பள்ளிச் சுற்றுலாவிலிருந்து சாலி, நிம்மி என்ற இரண்டு மாணவிகள் காணாமல் போகிறார்கள். தங்களைப் பாடாய்ப்படுத்திய டீச்சரைப் பழிவாங்குவதுதான் அவர்கள் நோக்கம். வேஷம் மாற்றிக்கொண்டு, புதுப் பெயர்களில், புது ஊரில் வாழ்ந்து பார்க்கிறார்கள். படத்தின் முதல் பாதியில் இருக்கும் குறும்பு அசல் காமெடிக்கு உரியது. அந்த நெருக்கத்துக்குக் காதல் என்று படம் பெயர் வைக்கவில்லை; பார்த்தவர்கள் பின்னாளில் வைத்தார்கள். அந்த இருவரும் பள்ளிக்குத் திரும்பவேயில்லை, சேர்ந்தே செத்துப்போகிறார்கள். பத்மராஜன் பெரிய கலைஞர், அந்த முடிவில் கலைக் குறை எதுவும் கிடையாது. ஆனால் வயதும் குற்றமும் ஓட்டமும் ஒன்றாகவே இருக்க, தண்டனை மட்டும் ஏன் வேறாகிறது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

ஆணும் பெண்ணும் என்றால் நம் திரை எவ்வளவு தாராளமாக இருந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. 1981ல் வந்த ‘பன்னீர் புஷ்பங்கள்’ ஊட்டிப் பள்ளி ஒன்றின் பதின்வயதுக் காதலை அனுதாபத்தோடு அணுகியது. 2012ல் ‘அட்டகத்தி’ ஒருவன் காதலித்து, தோற்று, மறுபடி காதலித்து, மறுபடி தோற்பதையே படம் முழுக்க வேடிக்கையாக்கியது. 2018ல் ‘96’ பத்தாம் வகுப்புக் காதலை ஏறக்குறைய ஒரு வழிபாடாகவே உயர்த்தியது. இவற்றில் தோல்வி உண்டு, கண்ணீர் உண்டு. காதலித்த ஒரே காரணத்துக்காக உயிரைக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சாதி குறுக்கே வந்தபோது மட்டும் அந்தத் தாராளம் சுருங்கியது. 2004ல் வந்த ‘காதல்’ அதற்கு அழியாத சாட்சி. இரண்டு பெண்கள் என்றதும் சாதி குறுக்கே வராமலேயே சுருங்கிவிடுகிறது. ‘96’ல் பள்ளி ஜானுவாக வந்த கௌரி கிஷன், 2021ல் ‘மகிழினி’ என்ற தனிப்பாடல் வீடியோவில் இன்னொரு பெண்ணைக் காதலிக்கும் பெண்ணாக நடித்தார். அதே முகம், அதே துறுதுறுப்பு. முதல் காதலுக்கு ஒரு முழுநீளப் படம் கிடைத்தது. இரண்டாவதற்குச் சில நிமிடங்கள்தான் கிடைத்தன.

மலையாளம் இந்தப் பாதையில் ஒரு எட்டு முன்னே போனது. 2004ல் லிஜி ஜே. புல்லப்பள்ளி எடுத்த ‘சஞ்சாரம்’ படத்தில் கிரணும் டிலைலாவும் சிறு வயதுத் தோழிகள். வளர வளரக் காதலர்கள். ஒருத்திக்கு வீட்டார் கல்யாணம் நிச்சயிக்கிறார்கள். இன்னொருத்தி அருவியின் விளிம்பு வரை போகிறாள், குதிக்காமல் திரும்புகிறாள். முந்தைய தலைமுறைக் கதைக்கு அந்தத் திரும்புதல் ஒரு பதில். பிறகு வாழ்க்கை, சினிமாவைத் தாண்டி ஓடியது. சவூதி அரேபியாவில் பள்ளியில் படிக்கும்போது பழகிய ஆதிலா நஸ்ரினும் ஃபாத்திமா நூராவும் கேரளத்துக்கு வந்தபின் குடும்பத்தால் பிரிக்கப்பட்டார்கள். ஆதிலா ஆட்கொணர்வு மனுப் போட, 2022 மே 31 அன்று கேரள உயர் நீதிமன்றம் இருவரும் சேர்ந்து வாழலாம் என்று அனுப்பிவைத்தது. அதன்பின் அவர்கள் கல்யாண அலங்காரத்தில் எடுத்துக்கொண்ட படங்கள் ஊரெல்லாம் பரவின. 1986ல் செத்தார்கள், 2004ல் சாக மறுத்தார்கள், 2022ல் சேர்ந்து வாழ்ந்தார்கள். இந்த வரிசையின் அடுத்த படி, சிரிப்பது. அந்தப் படியில் நம் திரை இன்னும் முழுசாகக் காலூன்றவில்லை.

காவல் பார்க்கும் திசை

இரண்டு மாணவிகளின் காதலைக் காமெடியாக எழுத வெளியிலிருந்து எதையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. அதற்கான சரக்கு நம் பள்ளிகளிலேயே கொட்டிக் கிடக்கிறது. தெலங்கானாவின் பெரிய தனியார் ஜூனியர் கல்லூரிகள் பலவற்றில் ஆண்களுக்கு ஒரு கேம்பஸ், பெண்களுக்கு ஒரு கேம்பஸ். தமிழ்நாட்டிலும் பெண்கள் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை; இருபாலர் பள்ளிகளிலும் பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். காதல் என்ற தீ எந்தப் பக்கத்திலிருந்து பரவும் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். காவலையும் அந்தப் பக்கமே போட்டுவிட்டார்கள். மகள் பையனோடு போனில் பேசினால் வீடு இரண்டாகும். அதே மகள் தோழி வீட்டில் கம்பைண்ட் ஸ்டடி என்று இரவு தங்கினால், டிபன் பாக்ஸில் இரண்டு தோசை கூடுதலாக வைத்து அனுப்புவார்கள். கை கோத்து நடப்பதும், ஒரே குடையில் வருவதும், ஒரே பூச்சரத்தைக் கிள்ளி இருவரும் வைத்துக்கொள்வதும் நல்ல பெண்களின் லட்சணம். பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த ஒன்று பாத்திரங்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் உலகத்தின் எல்லா நல்ல காமெடிக்கும் அஸ்திவாரம். இங்கே அந்த அஸ்திவாரத்தைப் பெற்றோரும் பள்ளி நிர்வாகமும் சேர்ந்து, தங்கள் சொந்தச் செலவில், போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தச் சரக்கின் வீரியம் எங்கே தெரிகிறது என்றால், ஒரே சூழ்நிலையை இரண்டு தென்னிந்தியப் படங்கள் கையாண்ட விதத்தில். 2018ல் பிரசாந்த் வர்மா தெலுங்கில் எடுத்த ‘அ!’ படத்தில் ராதா தன் பெற்றோரை ஓட்டலுக்கு அழைத்து வருகிறாள், தான் கட்டிக்கொள்ளப் போகிறவரை அறிமுகப்படுத்த. பெயர் க்ரிஷ் என்கிறாள். மாப்பிள்ளையைப் பார்க்கும் ஆவலோடு பெற்றோர் வாசலையே பார்த்துக்கொண்டிருக்க, வந்து உட்காருவது நித்யா மேனன். அரங்கம் சிரிப்பது அந்தப் பெண்களைப் பார்த்தல்ல. பெற்றோரின் முகத்தைப் பார்த்து. 2025 பிப்ரவரியில் ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன் இயக்கத்தில் வெளிவந்த ‘காதல் என்பது பொதுவுடமை’யிலும் ஏறக்குறைய அதே நிலைமை. மகள் காதலிக்கிறாள் என்று தெரிந்து, முற்போக்கான அம்மா, வீட்டுக்கு அழைத்து வரச் சொல்கிறார். வருவது ஒரு பெண். லிஜோமோல் ஜோஸும் ரோகிணியும் மோதும் இந்தப் படம் அந்தக் கணத்தைக் கனமான விவாதமாக வளர்க்கிறது. தமிழுக்கு அது தேவையான படம், துணிச்சலான படமும்கூட. ஆனால் எதிர்பார்த்தது ஒன்று, வந்தது வேறொன்று என்ற விதையிலிருந்து சிரிப்பையும் முளைக்க வைக்கலாம் என்பதற்கு ‘அ!’ சாட்சி. அந்தத் தெலுங்குப் படத்துக்கும் துணிச்சல் பாதி வழிதான் வந்தது. முடிவில் அந்த ஜோடி உட்பட எல்லோரும் ஒரு பெண்ணின் மனதுக்குள் வாழும் பாத்திரங்கள் என்று சொல்லிவிடுகிறது. சிரிக்க அனுமதி கொடுத்த கையோடு, அப்படி ஒரு ஜோடியே கிடையாது என்று கைவிரித்துவிடுகிறது.

தோழி எழுதிய கடிதம்

வெளியுலகில் இந்த வகைப் படம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது பயன் தரும். 1931லேயே ஜெர்மனியில் ‘மேட்சன் இன் யூனிஃபார்ம்’ என்ற படம் வந்தது. ஆசிரியை மீது உயிராக இருக்கும் விடுதி மாணவி மாடிப்படியின் உச்சிக்கு ஏறிவிடுகிறாள். சக மாணவிகள் ஓடிவந்து அவளைக் காப்பாற்றுகிறார்கள். அது காமெடி அல்ல, ஆனால் சாவை மறுத்த முதல் குரல்களில் ஒன்று. அங்கிருந்து 2020ல் ஆலிஸ் வூ எடுத்த ‘தி ஹாஃப் ஆஃப் இட்’ வரை வந்தால், முழு ரொமான்டிக் காமெடி தயாராகிவிட்டது. அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் சீனக் குடியேறிக் குடும்பத்து மாணவி எல்லி சூ, காசு வாங்கிக்கொண்டு மற்ற மாணவர்களுக்குக் கட்டுரை எழுதிக் கொடுப்பவள். அப்பா ரயில் நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர். பழைய படங்களைப் பார்த்து இங்கிலீஷ் பழகுகிறார். ஒரு பையன் வந்து, ஆஸ்டர் என்ற பெண்ணுக்குத் தன் சார்பில் காதல் கடிதம் எழுதித் தரச் சொல்கிறான். எல்லிக்கும் அதே ஆஸ்டரைத்தான் பிடிக்கும். பையன் பெயரில் போகும் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறவளின் சொந்த மனசு கசிகிறது. தமிழ் வாசகருக்கு இந்த ஏற்பாடு ஒன்றும் அந்நியமல்ல. அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் நடுவே நின்று பேசுகிறவள் தோழி. தலைவி சொல்லத் தயங்குவதைச் சொல்வதும், தலைவனை வாசலில் நிறுத்தி வைத்து விசாரிப்பதும் அவள்தான். இரண்டாயிரம் ஆண்டுகளாக அடுத்தவர் காதலுக்காகவே பேசிக்கொண்டிருக்கும் அவளுக்கே காதல் வந்தால் என்ன ஆகும் என்ற ஒரு கேள்வி போதும். ஆலிஸ் வூவின் கதையைப் போல ஒன்றை நாமே எழுதிவிடலாம்.

தமிழ் வீட்டுக்கு இந்த வகைக் காமெடி மிக நெருங்கி வந்தது ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரில். 2020 முதல் 2023 வரை நான்கு சீசன்களாக நெட்ஃபிளிக்ஸில் வந்த அந்தத் தொடரின் நாயகி தேவி விஷ்வகுமார், கலிஃபோர்னியாவில் வளரும் தமிழ்ப் பெண். நடித்தவர் கனடாவில் பிறந்து வளர்ந்த ஈழத்தமிழர் மைத்ரேயி ராமகிருஷ்ணன். தேவியின் நெருங்கிய தோழி ஃபாபியோலாவுக்கு ரோபோ செய்வதில் பைத்தியம். தனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்ற உண்மையை அம்மாவிடம் சொல்ல வாய் வராமல், தோழிகளிடமும் சொல்ல முடியாமல், முதலில் தான் செய்த ரோபோவிடம்தான் சொல்லிப் பார்க்கிறாள். அந்தக் காட்சியில் பயம் இருக்கிறது. அதைப் பார்த்துச் சிரிக்கவும் முடிகிறது. இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை. இரண்டாம் சீசனில் அவளுக்கு வரும் பிரச்சினை இன்னும் வேடிக்கையானது. காதலியின் நண்பர் வட்டம் பேசும் தொடர்கள், பாட்டுகள், பிரபலங்கள் எதுவுமே இவளுக்குத் தெரியாது. ‘நான் சரியான லெஸ்பியன்தானா?’ என்ற கவலை வந்துவிடுகிறது. பிறகு அனீசா என்ற இந்திய வம்சாவளிப் பெண்ணோடு கொஞ்ச காலம் பழகுகிறாள். ஒத்துவரவில்லை என்றதும் இருவரும் தோழிகளாகவே தொடர்கிறார்கள். உயிர் போகவில்லை, வீடு இடியவில்லை. ஒரு பதின்வயதுக் காதல் எப்படி முடியுமோ அப்படி முடிந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்ப் பெண்ணுக்குத் தொடர் முழுக்க ஆண் காதலர்கள். பெண்ணைக் காதலிப்பது தோழியின் வேலை. கலிஃபோர்னியாவிலும் தமிழ்க் குடும்பத்துக்குள் அந்தக் கதை நுழையவில்லை, வாசல் வரைதான் வந்தது.

ஆட்சேபங்கள் நான்கு

முதல் ஆட்சேபம், பிள்ளைகளின் வயது. பள்ளி மாணவிகளின் காதலைப் படமாக்குவது சரியா என்று கேட்பது நியாயம். 2012ன் போக்ஸோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் குழந்தை என்கிறது. கேமரா அந்த எல்லையை மதிக்கத்தான் வேண்டும். ‘துள்ளுவதோ இளமை’ காலத்துப் படங்கள் பள்ளிச் சீருடையைக் காட்டிய விதத்தைப் பார்த்தால் இந்தக் கவலை வேண்டியதே. ஆனால் கவலை எல்லா ஜோடிக்கும் பொதுவாக இருக்க வேண்டும். பள்ளி ரொமான்டிக் காமெடியின் உயிர் உடலில் இல்லை. தவறான ஆளிடம் போய்ச் சேர்ந்த வாட்ஸ்அப் மெசேஜிலும், லேப் பார்ட்னர் மாற்றப்பட்ட சோகத்திலும், ஆண்டு விழா நாடகத்தில் யார் யாருக்கு ஜோடி என்ற சண்டையிலும் இருக்கிறது. தணிக்கையிலும் இப்போது இதற்கு இடம் உண்டு. 2024ல் வந்த புதிய விதிகள் யு/ஏ சான்றிதழை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கின்றன. பதின்வயதினருக்கென்றே எடுக்கும் படத்துக்கு இனி பொருத்தமான பெட்டி இருக்கிறது.

இரண்டாவது, ‘இதையெல்லாம் காட்டினால் பிள்ளைகள் கற்றுக்கொள்ளாதா?’ சாலியும் நிம்மியும் எந்தப் படத்தைப் பார்த்தும் நெருங்கியதாகக் கதை இல்லை. ஆதிலாவும் நூராவும் வளர்ந்த காலத்தில் அவர்களைப் போன்ற ஜோடி பாட்டுப் பாடும் படமே கிடையாது. அவர்கள் பார்த்ததெல்லாம் ஆணும் பெண்ணும் மரத்தைச் சுற்றி ஆடியதைத்தான். படம் ஈர்ப்பைக் கற்றுத் தரும் என்றால் அவர்கள் இருவரும் இந்நேரம் வேறு யாரையாவது காதலித்திருக்க வேண்டும். படம் கற்றுத் தரக்கூடியது வேறு: மகள் ஒரு நாள் வந்து சொன்னால் வீட்டில் என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது என்பது. அதை வேறு எங்கும் கற்க வழியில்லை. திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி அரவணைப்பது என்று ஆசிரியர்களுக்காக என்.சி.இ.ஆர்.டி. தயாரித்த கையேடுகூட, 2021 நவம்பரில், புகார் வந்ததும் இணையதளத்திலிருந்து இறக்கப்பட்டது. வகுப்பறை மௌனமாகும்போது, அந்த வேலை கதை சொல்கிறவர் தலையில் விழுகிறது.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. வீட்டுச் சிறை, அடி, ‘மாற்றிவிடுகிறேன்’ என்று சொல்லும் மருத்துவர், போலீஸ் மிரட்டல் என்று இந்தப் பெண்கள் படும் பாடு நிஜம்; அதைக் காமெடியாக்குவது கொச்சையில்லையா? மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரு பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவு, அந்த நிஜத்தை நேருக்கு நேர் பார்த்தது. தனக்கு இந்த விஷயம் புரியவில்லை என்று ஒப்புக்கொண்ட அவர், உளவியல் ஆலோசகரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் தீர்ப்பு எழுதினார். பாலீர்ப்பை மாற்றிவிடுவதாகச் சொல்லும் மாற்று சிகிச்சைக்குத் தடை போட்டார். ஆனால் அதே மாற்று சிகிச்சையை 1999லேயே ஜேமி பாபிட் ‘பட் ஐ’ம் எ சியர்லீடர்’ படத்தில் கிழித்துத் தொங்கவிட்டார், முழுக்க முழுக்கக் காமெடியாக. பெண்ணைக் காதலிக்கும் பெண்ணைத் திருத்த ரோஸ் கலர் கவுன் மாட்டி வீடு துடைக்கப் பழக்கும் முகாமைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட்ட பிறகு, அப்படிப்பட்ட முகாமை நம்புவது கஷ்டம். கொடுமைக்கு மரியாதை கொடுத்துப் பயந்தால் அது வளரும். அதன் முட்டாள்தனத்தைக் காட்டினால் குறுகும். வடிவேலு போலீஸையும் பேட்டை ரவுடியையும் என்ன செய்தார் என்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரே நிபந்தனை, சிரிப்பு யார் மீது விழுகிறது என்பது. தன்பாலீர்ப்பைத் தமிழ்க் காமெடி டிராக்குகள் நெடுங்காலம் வசவாகவே பயன்படுத்தின. அங்கே அடி வாங்கியது பலவீனமானவர். இங்கே அடி வாங்க வேண்டியது காவல் பார்ப்பவர்.

நான்காவது, வியாபாரம். இதற்குத் தேனாகப் பதில் சொல்ல முடியாது. 1998ல், இரு பெண்களின் காதலைச் சொன்ன ‘ஃபயர்’ ஓடிய தியேட்டர்கள் அடித்து நொறுக்கப்பட்டன. 2022ல் ராம் கோபால் வர்மா இரு பெண்களின் காதலைக் கவர்ச்சிச் சரக்காக்கி எடுத்த படத்தையும் பெரிய மல்ட்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் திரையிட மறுத்தன. ஆனால் 2019ல் பஞ்சாபின் மோகா என்ற சிறு நகரத்தில் நடக்கும் ‘ஏக் லட்கி கோ தேகா தோ ஐசா லகா’வும், 2022ல் பி.டி. டீச்சர் ஒருத்தியை நாயகியாக்கிய ‘பதாய் தோ’வும் குடும்பத்தோடு பார்க்கும் படங்களாகவே தியேட்டருக்கு வந்தன, கண்ணாடி எதுவும் உடையவில்லை. இரண்டிலும் காமெடி உண்டு. மேல்தட்டு நகரத்துச் சமாச்சாரம் என்ற பேச்சுக்கும் அந்த இரண்டு படங்களே பதில்.

மண்டபம் தேவைப்படாத கதை

ரொமான்டிக் காமெடி என்றால் கடைசியில் கல்யாணம். அந்தக் கதவு இப்போதைக்கு மூடியிருக்கிறது, அதைத் தட்டிப் பார்த்ததில் ஹைதராபாத்துக்கும் பங்குண்டு. 2021 டிசம்பரில் அந்த நகரத்தில் சொந்த பந்தங்களைக் கூட்டி விழா எடுத்துக்கொண்ட சுப்ரியோ சக்ரவர்த்தியும் அபய் டாங்கும்தான் தன்பாலினத் திருமண வழக்கின் முதல் மனுதாரர்கள். 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம், திருமணம் அடிப்படை உரிமை அல்ல, சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், திருமணம் இல்லாவிட்டாலும் இரு பெண்கள் குடும்பமாக இருக்க முடியும் என்றது. அது ஆறுதல், ஆனால் தாலி அல்ல. பெரியவர்களை வைத்து இந்தக் கதையைச் சிரிப்பாக முடிக்க நினைக்கும் எழுத்தாளர் ஆகவே சட்டத்தில் வந்து முட்டிக்கொள்கிறார். ‘பதாய் தோ’விலும் வீட்டாரின் நெருக்கடியைச் சமாளிக்கப் பொய்க் கல்யாணம்தான் நடக்கிறது.

பள்ளிக் கதைக்கு அந்த முட்டுக்கட்டை இல்லை. பதினேழு வயதுக் காதலுக்கு மண்டபமும் பதிவாளரும் தேவைப்படுவதில்லை. ஃபேர்வெல் பார்ட்டியில் ஒரு பார்வை, ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிய ஒரு வரி, வேறு வேறு ஊர்க் கல்லூரிகளில் சீட் கிடைத்துவிட்ட எரிச்சல், இவை போதும் ஒரு நல்ல முடிவுக்கு. எல்லி சூ கதையிலும் கடைசியில் யாரும் யாரோடும் சேர்வதில்லை, ஆனாலும் பார்த்தவர் சிரித்துக்கொண்டுதான் எழுந்து போகிறார். சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரே காதல் கதை வடிவம் இதுதான். காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸுக்கோ, மதுரை பெண்கள் பள்ளிக்கோ, ஸ்கார்பரோவில் ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் ஹை ஸ்கூலுக்கோ இதைக் கொண்டுபோய்ப் பொருத்துவது எழுதத் தெரிந்தவருக்குக் கஷ்டமில்லை. ஆண்-பெண் ஜோடிக்கு நம் சினிமா 1981 முதல் கொடுத்துவரும் சலுகை, காதலில் முட்டாள்தனம் செய்துவிட்டு மறுநாள் காலை பெல் அடிப்பதற்குள் பள்ளிக்குப் போய்ச் சேரலாம் என்பது. அதே சலுகையை இந்த இரண்டு பெண்களுக்கும் கொடுக்க எந்தக் கோர்ட்டின் அனுமதியும் வேண்டாம். ஒரு தயாரிப்பாளரின் கையெழுத்து போதும்.